பதினொன்றே கால்

கோமாரிச் சந்தியில்
மீன் நிறுக்கும் தராசில் கொழுவிப் பார்த்தோம் என் பையை:
பதினொன்றே கால் கிலோ.
கடைக்காரன் சிரித்தான்,
"பாரைமீன் போலதான் கா இருக்கு,
செதிள் எடுத்துத் தரட்டா?"

மூன்றாம் நாள் உகந்தையில் காட்டுக் கதவு திறந்தது.
பதிவுப் புத்தகத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம்,
நோக்கம் என்று ஒரு கட்டம்.
எனக்கு முன் நின்றவர்கள் எல்லாரும்
நேர்த்தி, நேர்த்தி, மேற்படி, மேற்படி.
நான் நடை என்று எழுதினேன்.
அலுவலர் பேனையால் அதைத் தட்டினார்,
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான்.

நாலரைக்கு எழும்ப வேண்டும்.
மயில் எழுப்பும் என்று சொன்னார்கள்.
எழுப்பியது
சுகிர்தன் தன் பொலித்தீன் விரிப்பை மடிக்கிற சத்தம்.
சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டு.
நேற்றுத் தேள் இருக்கவில்லை,
ஆனாலும் தட்டு.
யோகமலர் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
என் குதிகாலைத் தன் மடியில் இழுத்து
கொப்புளத்துக்குள் ஊசி ஓட்டி
நூலை அப்படியே விட்டாள், நீர் வடியட்டும் என்று.
"வாட்டில இப்படிச் செஞ்சா என்ர வேலை போயிரும்,
பேசாம இரு."
களுவாஞ்சிக்குடியில் பிள்ளைப்பேற்று வாட்டு அவளுக்கு.
எனக்குப் பிரதேச சபையில் கணக்குக் கிளை.
அதனால்தான் இந்த நிறைப் பைத்தியம்.

மணலில் யானை அடி,
அதற்குள் நரி அடி,
அதற்கும் மேலே யாரோ ஒருவரின்
தேய்ந்த பாட்டாச் செருப்பு.
பத்து மணிக்குப் பிறகு ஒருவரும் கதைப்பதில்லை.
பாலை மர நிழல் வரும், போகும்.
கொப்புகளில் தொங்குகின்றன
மற்றவர்களால் தூக்க முடியாமல் போனவை:
புதுத் துவாய்,
பாதிப் போத்தல் நல்லெண்ணெய்,
அரிக்கன்சட்டி ஒன்று, கல் அரிக்கும் வரி தேயாமல்.
யாரும் எடுப்பதில்லை.
எடுத்தால் தூக்க வேண்டுமே.

தண்ணீர் என்று சுகிர்தனின் வரைபடம் சொன்ன இடத்தில்
தண்ணீரின் உருவத்தில் வெடித்துக் கிடந்தது சேறு.
மறுகா இன்னும் ஒன்றரை மணித்தியாலம்.
எருமைகள் எழுந்துபோன மடுவில்
சாரத்தால் வடித்து, குளோரின் வில்லை போட்டு,
அரை மணி பொறுத்தோம்.
கல்முனை பஸ் நிலையக் குழாயின் ருசி வந்தால்
குடிக்கலாம்.

மலை என்பது இங்கே
நிலம் மடக்கி வைத்த முழங்கால்.
மொட்டைக் கல்.
ஐந்தாம் நாள் மாலை அதில் ஏறினால்
ஒரு கோடு சிக்னல்.
வரிசையாய் ஏறினார்கள், வரிசையாய்க் கத்தினார்கள்.
சுகிர்தன்:
"மோட்டரை நிப்பாட்டினியா?
வாய்க்கால்ல... ஓம்... வாய்க்கால்ல கா...
சாப்பிட்டன். சோயாமீற். ஓம், திரும்பவும்."
என் போனில் பதினாலு செய்திகள் விழுந்தன.
பதின்மூன்று கடனும் சலுகையும்.
ஒன்று தம்பி:
இப்ப எந்த இடம்?

கிழக்கே கடல் ஒரு அலுமினியத் தகடு.
மேற்கே மலைகள், ஒன்றன் பின் ஒன்று,
கடைசி ஒன்று மலையா மேகமா தெரியவில்லை.
நடுவில் காடு,
பெயர்ப்பலகை இல்லாத அவ்வளவு பச்சை.
கல்லுக்கு மேல என்று எழுதி அழித்தேன்.
தெரியாது என்று எழுதினேன்.
அனுப்புவதற்குள் பற்றரி செத்தது.
இருட்டில் இறங்கும்போது
அந்த விடைதான் சரி என்று பட்டது,
பிறகு ஒரு கல் சறுக்கியது,
அதையும் மறந்தேன்.

குமுக்கன் ஆற்றங்கரையில் தராசு இல்லை.
யோகமலர் என் பையை வலக்கையால் ஏந்தினாள்,
இரண்டு தரம் மெல்ல ஆட்டினாள்.
பிறந்ததுகளைத் தூக்கிப் பழகின கை.
"ஆறே கால்.
இவ்வளவு பெரிசாப் பிறந்தா தாய் பாவம்."

அப்போ ஐந்து கிலோ.
அரிசியும் பருப்பும் எங்களுக்குள் இறங்கி நடந்துவிட்டன.
பிஸ்கட் உறைகள் வெளியே கட்டித் தொங்குகின்றன,
அவற்றுக்கு நிறையே இல்லை, சத்தம் மட்டும்.
மீதியில் ஒரு முந்நூறு கிராம் இடிக்கிறது.
எப்படிக் கூட்டியும் வரவில்லை.

சப்பாத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
ஆற்றில் இறங்கினேன்.
முழங்கால் அளவு, தெளிவு.
குதிகாலில் இருந்து
நூலின் நுனி நீரோடு ஆடியது.
விரல் நீள மீன் ஒன்று வந்து
கொத்திப் பார்த்தது,
விட்டுவிட்டுப் போனது.