படகோட்டி எப்போது சாப்பிடுவான்

லியெபாயா நகரத்துக்கு ஒரே டிராம் தடம்.
அதன்மேல் போகிறேன், வருகிறேன்,
பதினாறு வருடமாய்.
வழி தவறவே வழியில்லாத வேலை.

இரவு பதினொன்றுக்கு வண்டியைப் பணிமனையில் விட்டு,
பூட்ஸைக் கழற்றி,
கருப்பு ரொட்டியில் புகையூட்டிய மீனை அடுக்கிக் கடித்தபடி
கணினியைத் திறந்தால்
நான் கவசம் பூண்ட ஒருத்தி.
எந்த மலையும் ஏறலாம். எந்தத் திசையும் என் திசை.

டிராகனைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை.
சிறகு சிறகாய், நெருப்பு நெருப்பாய் இருக்கிறது.
என் குறையெல்லாம் சில்லறை.

ஆற்றை நீந்திக் கரையேறினால்
மூச்சு வாங்குவதற்குள் காய்ந்துவிடுகிறது மேலங்கி.
கொஞ்சம் சொட்டட்டுமே.
விடுதிக்குள் என் பின்னாலேயே
ஈரத் தடம் வரட்டும்,
இப்போதுதான் துடைத்தேன் என்று
வேலைக்காரி ஒருத்தி முறைக்கட்டும்.

பனிப்புயலில் கதவைத் திறந்துபோட்டு நிற்கிறேன்,
உள்ளே முப்பது பேர்.
"கதவைச் சாத்தித் தொலை" என்று கத்த ஒருவருக்கும் வாயில்லை.
எங்கள் ஊரில் அப்படி ஒரு வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பிறகு குதிரை.
மழையில் குதிரை காற்றுக்குப் பின்புறம் காட்டி நிற்கும்,
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
இவர்கள் குதிரையோ
புகைப்படத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைபோல
நேரே வெறிக்கிறது.
மூக்கு நுனியில் ஒரு துளிகூடத் தொங்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது.
வடக்கே ஒரு குடிசையில், கதையோடு சம்பந்தமில்லாத குடிசை,
வெயில் நகர நகர
பூனையும் நகர்ந்து படுக்கிறது.
யாரோ பூனை வளர்க்கிறவர்
சம்பளத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறார்.

டிக்கெட் பரிசோதகர் ஔஸ்மாவிடம் சொன்னேன்.
வெப்பக்குழாய்மேல் கையுறையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்:
"காசு கொடுத்து நனையணுமா உனக்கு?
நவம்பர் வரைக்கும் பொறு. இலவசம்."

எல்லாவற்றையும்விட அந்தப் படகோட்டி.
"அக்கரைக்கு இரண்டு காசு. ஆறு இன்றைக்குச் சாது."
வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு போகும்போதும்
ஆறு இன்றைக்குச் சாது.

ஒரு சனிக்கிழமை இரவு கடக்காமல்
கரையில் உட்கார்ந்து அவனையே பார்த்தேன்.
அரசியைக் கடத்திப் போயிருந்தார்கள்; போகட்டும்.
நிலா ஏறியது, இறங்கியது.
அவன் உட்காரவில்லை. கொட்டாவி விடவில்லை.
துடுப்பைக் கை மாற்றவில்லை.
தோள் வலிக்காதா ஒரு மனுஷனுக்கு?
என் வலது தோள்
தானாக ஒருமுறை சுழன்று கொடுத்தது.

நிறுவனத்துக்கு ஒரே வரி எழுதிப் போட்டேன்:
படகோட்டி எப்போது சாப்பிடுவான்?
மூன்று வாரம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது.
டிராகனுக்கு இரண்டாம் தலை.

கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம் உண்டு.
திங்கட்கிழமை அங்கே காகிதத்தைப் பிரித்தபோது
ஹாக்கி மட்டையோடு ஒரு பையன், இறங்க மறந்து,
என் அறைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றான்.
"அம்மா, இவர் முட்டை சாப்பிடுறார்!"
புதையல் கண்டவன் குரல்.
முட்டையை உயர்த்திக் காட்டினேன்.
மஞ்சள் கரு உதிர்ந்து சட்டையில் விழுந்தது.
அதையும் பார்த்தான்.

அன்றிரவு என் பையைத் துழாவினேன்.
நாற்பது வாள், மூன்று கரடித்தோல்,
அடியில் ஒரு ரொட்டி.
படகின் பலகைமேல் வைத்தேன்.
"அக்கரைக்கு இரண்டு காசு" என்றான்.

வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது, நான் போகும்போதெல்லாம்.
ஒரு கடி குறையவில்லை.
ஒரு காக்கை வரவில்லை.
மாதம் மூன்றாகியும் பூஞ்சை பிடிக்கவில்லை.
அதையும் எழுத வேண்டும் அவர்களுக்கு.