ஆறு நிமிட நடை

முப்பது மீட்டர் சமதளம் வேண்டும் என்கிறது கையேடு.
சின்னப்பாலத்தில் அப்படி ஓர் இடம்
மீன் ஏலக் கொட்டகைதான்.
ஏலம் முடிந்து கழுவிவிட்ட பிறகு
இரு முனையிலும் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து
நடுவே சாக்பீஸ் கோடு இழுத்தேன்.
ஈரத்தில் பாதி நிற்கவில்லை.
மீதியில் செதில் ஒட்டிக்கொண்டது.

படிவ எண் நூற்றுப் பதினேழு.
நம்புதாய். வயது நாற்பத்தாறு, ஆதாரில் ஐம்பத்தொன்று.
தொழில் பாசி எடுத்தல்.
பட்டியலில் அது இல்லாததால்
'இதர' என்பதை அழுத்தினேன்.
இரண்டாம் அலை, மே மாதம்,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள்,
அதில் நாலு நாள் ஆக்சிஜன்.
பக்கத்துக் கட்டில் யார் என்று கேட்க
படிவத்தில் கேள்வி இல்லை.
அவளாகவே சொன்னாள்:
தங்கச்சிமடத்துக்காரி, மூணாம் நாள் கட்டில் காலி.

நடக்குமுன் விரலில் கருவி மாட்ட வேண்டும்.
மாட்டினேன். இரண்டு சிறு கோடு மினுங்கியது.
நடுவிரலுக்கு மாற்றினேன். அதே கோடு.
பாறை கிழித்து, துணி சுற்றி, உப்பில் ஊறி
மறுபடியும் பாறை கிழித்த விரல்கள்.
"அதுக்கு என்னைய ஆளாத் தெரியல போல" என்றாள்.
கையை ஊதித் தேய்த்துச் சுண்டுவிரலை நுழைக்க
தொண்ணூற்றைந்து வந்தது.

செருப்பு அணியச் சொல்கிறது கையேடு.
அவள் வெறுங்காலில் நடந்தாள்.
நிமிடத்துக்கு ஒருமுறை
நான் சொல்ல அனுமதியுள்ள வாக்கியம் ஒன்றே:
நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் நான்கு நிமிடம்.
நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் மூன்று.
வலை தைத்துக்கொண்டிருந்த பையன்கள்
மூன்றாவதிலிருந்து என்னோடு சேர்ந்து சொன்னார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
இந்த வயதுக்கு, இந்த உயரத்துக்கு
குறையில்லை என்று பச்சை காட்டியது டேப்லெட்.
நான் திருப்பிக் காட்டினேன்.
அவள் அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏந்தங்கச்சி,
தரையில நடக்கவா எனக்கு மூச்சு?"

முன்பெல்லாம் ஒரு முங்குக்கு
மூணு பிடி மரிக்கொழுந்துப் பாசி.
குருசடைத் தீவுப் பக்கம், ஆள் உயரத் தண்ணி,
பாறை இடுக்கில் கைவிட்டு, பிடுங்கி,
இடுப்புப் பையில் திணித்து,
அப்புறம்தான் மேல வெளிச்சம் ஞாபகம் வரும்.
இப்ப ஒரு பிடி. அதுக்கே கண்ணு இருட்டுது.
கூடப் போறவளுக நாலு நடை சேத்து முங்குறாளுக
எம்பங்குக்கு. எத்தன நாளைக்கு?

எத்தனை வினாடி என்று கேட்டேன்.
"வினாடி யாருக்குத் தெரியும். வா, பிடிச்சுப் பாப்போம்."

ஏலக் கொட்டகைத் தூணில் சாய்ந்து
இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.
ஒரு பையன் போனில் எண்ணினான்.
முப்பத்தொன்றில் நான் விட்டுவிட்டேன்.
அவள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்,
தண்ணீருக்குள் திறந்திருப்பதைப் போல,
நாற்பத்து நாலு வரை.
ஜெயித்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு இருமலாகி
ஐஸ் பெட்டியைப் பிடித்துக் குனிந்து
நெடுநேரம் இருமினாள்.
பையன்கள் வலைக்குத் திரும்பினார்கள்.

சான்று, ஒப்புதல் கையெழுத்து,
ஒரு பாக்கெட் குளுக்கோஸ், போக்குவரத்துப் படி.
குளுக்கோஸை மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

இரவு மண்டபம் விடுதி மாடியில்
சிக்னல் கிடைத்ததும் எல்லாம் ஏறியது.
பத்து மணிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு.
நூற்றுப் பதினேழில் குறிப்பு எழுதியிருக்கிறீர்களே,
முன்பு மூன்று, இப்போது ஒன்று,
அலகு என்ன?

பிடி என்றேன்.

யாருடைய பிடி?

கிராமில் வேண்டுமாம்.
அமாவாசைக்குப் பிறகு
தண்ணி தெளியும்போது படகு போகிறது.
தராசோடு வரலாமா என்று கேட்டிருக்கிறேன்.
எனக்கு நீச்சல் தெரியாது என்பதை
இன்னும் சொல்லவில்லை.