பாலாற்றுச் சத்திரம்

விடியக்காலை காட்பாடி ஜங்ஷனில்
வங்காளத்து வண்டி வந்து நிற்கும்.
இறங்குகிறவர் கையில் எக்ஸ்ரே உறை தெரிந்தால்
என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்:
ரூம் சாஹியே ஏசி நான்ஏசி கிச்சன்வாலா ஆஸ்பத்திரிக்கு எதிரே
ஒரே மூச்சு.
ஆள் ஒன்றுக்கு எண்பது ரூபாய், லாட்ஜில் கையெழுத்துப் போட்ட பிறகு.

இரவு பதினொன்றுக்கு மேல்
சர்வரின் வடகிழக்கு மூலையில்
எனக்கொரு சத்திரம் இருக்கிறது.
பலகை பலகையாக நானே அடித்தது.
வாசலில் போகும் ஆற்றுக்குப் பாலாறு என்று பெயர் வைத்தேன்.
அதில் தண்ணீர் ஓடுகிறது.
யாழ்ப்பாணத்துக்காரரும் துபாய்க்காரரும் சாதாரணமாகக் கடந்து வந்தார்கள்.
ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஒருத்தி மட்டும்
முதல் நாள் கரையிலேயே நின்றுவிட்டாள்.
"இன்னாபா இது, இவ்ளோ தண்ணி கீது?"
எழுதியதும் மன்னிப்பும் கேட்டாள்.
சத்திரத்தில் வெளிப்பேச்சு கூடாது, பலகை தொங்குகிறது.

உள்ளே அவள் தளபதி எயினி.
குடியாத்தத்துச் சீட்டுக் கம்பெனிக் கணக்கர்
வாள் விழுங்கும் துறவி.
ரசம் கொதிக்கிறது என்று நான் எழுதினால்
ரசம் கொதிக்கும்.
தளபதி ஊதினாள் என்று எழுதுவாள்.
அதற்கு இருபது நொடி எடுத்துக்கொள்வாள்.
பகலெல்லாம் ஊசி ஓட்டத்துக்கு ஓடிய விரல்கள்.

அந்த இருபது நொடிக்குள்தான் அவன் நுழைவான்.
பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குப்பை.
புதிதாய்ப் பிறந்தவனுக்குத் தரும் அரைக்கால் ஜட்டி.
காசு வேணுமா காசு ஆயிரம் பொற்காசு நாப்பதே ரூபா
காசு வேணுமா காசு ஆயிரம் பொற்காசு நாப்பதே ரூபா

புகார் கொடுத்தோம். கதவைச் சாத்தினோம்.
கதவுக்குள்ளேயே நடந்து வந்தான்.
ஒருநாள் துறவி எழுதினார்:
"பொக்கிஷக் காவலனாக இருந்தவனாம்.
போரில் புத்தி பேதலித்துவிட்டது."
அன்றிலிருந்து மூலை மேசை அவனுக்கு.
நாப்பதான் என்று பெயரும் விழுந்தது.
தளபதி தினமும் அவன் முன்னால் கிண்ணம் வைப்பாள்.
காசு வேணுமா, என்பான்.
வேணாம் சாமி, நீ குடி, என்பாள்.

அவனைத் திட்ட எனக்கு வாயில்லை.
சந்தை முற்றத்தில் பத்து நிமிடத்துக்கொரு தரம்
நானும் கத்துகிறவன்தான்:
சத்திரம் திறந்திருக்கிறது, ரசம் சூடு, வாருங்கள்.
எவனோ புகார் கொடுத்து
மூன்று நாள் என் வாயைக் கட்டினார்கள்.
நோட்டீஸில் இரண்டு பேருக்கும் ஒரே சொல், ஸ்பேம்.

போன செவ்வாய், மூன்றாம் பிளாட்பாரம்.
எக்ஸ்ரே உறையோடு ஒரு பெண்.
வாய் திறந்துகொண்டது.
ரூம் சாஹியே ஏசி நான்ஏசி கிச்சன்வாலா
பாதியில்தான் பார்த்தேன், அவள் வரவில்லை, போகிறாள்.
கட்டைப்பையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு.
சொல்ல ஆரம்பித்தது நிற்கவில்லை,
ஆஸ்பத்திரிக்கு எதிரே வரை போய்த்தான் ஓய்ந்தது.
முழுதும் கேட்டாள்.
பிறகு பையைத் துழாவி
இரண்டு பிஸ்கட் எடுத்து என் கையில் வைத்து
"காவோ பாபா" என்றாள்.
வெயில் ஏறும்வரை அவை என் கையிலேயே இருந்தன.

அன்றிரவு சர்வரில் பெரிய துப்புரவு.
ஆயிரக்கணக்கில் கணக்குகளைத் துடைத்திருந்தார்கள்.
தளபதி வழக்கம்போல் கிண்ணத்தை மூலை மேசையில் வைத்தாள்.
துறவி வாளை விழுங்காமல் கையில் வைத்திருந்தார்.
பத்து நிமிடம் கடந்தது,
சந்தைக்குப் போய்க் கத்தவேண்டிய நேரம்.
நான் கல்லாவிலிருந்து எழுந்து
அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன்.
எழுத வரவில்லை.

"குடி சாமி" என்றாள் எயினி.

நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு
ஊதினான் என்று எழுதினேன்.
எனக்கும் இருபது நொடி ஆனது.