கையொப்பக் கோடு

ஜீப்பின் மூக்கில் படிவத்தை விரித்து
'குடும்பத் தலைவர்' என்ற கோட்டை எனக்குக் காட்டினார்.

காணி பூரணிப்பிள்ளையினது.
தாய்வழிச் சீதனம்;
மகிழவெட்டுவான் வட்டையில் மூன்றேக்கர்.
நான் ஒரு தகரப்பெட்டியோடு வந்து
இந்த வரம்பில் நடக்கப் பழகியவன்.

நெஞ்சளவு ஆழத்தில்
பட்டணத்துக்குத் தண்ணீர் போகுமாம்.
மேலே நெல் விதைக்கலாம்,
மரம் வைக்கக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது.
ஒரு போகத்துக்கு நட்டஈடு.

"எந்தப் போகத்துக்கு?" என்றாள்.
ஐயா தாள்களைப் புரட்டினார்.
பெக்கோ ஏற்கெனவே
குடலைப் பயிருக்குள் நின்றது.

பேனையை அவளிடம் கொடுத்தேன்.
தலைவரை வெட்டிக்
'காணிக்காரி' என்று எழுதினாள்.
ஒப்பம் வைக்கவில்லை.
"வாசிச்சிட்டுத் தாறன்."
படிவத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

இரவு,
கறள் மணக்கும் கிணற்றுத் தண்ணீரை
இரண்டு தரம் சீலையில் வடித்துக்
குடித்துவிட்டு
இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.