ரவுண்ட்ஸ்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
பதினோரு கேள்வி எழுதிக் கொண்டுபோனேன்.
ராத்திரி எத்தனை பேர்,
டாக்டர் எந்தெந்தக் கிழமை,
விழுந்தால் முதலில் யாருக்கு போன் பண்ணுவீர்கள்.
டயப்பர் தனிக்கணக்கா என்பதை
வெட்கத்தில் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

தக்கலை தாண்டி, குமாரகோவில் சாலையில்
ரப்பர் மரங்களுக்கு நடுவே புதுப் பெயின்ட் கட்டிடம்.
வேளிமலையின் பாதியை மழை எடுத்துக்கொண்டிருந்தது.
இது மூன்றாவது இடம்.
மார்த்தாண்டத்தில் பினாயில் வாடை.
கருங்கல் பக்கம் பார்த்ததில்
எந்த வாடையும் இல்லை, எந்தச் சத்தமும்;
முப்பது பேர் இருக்கிற வீட்டில்.

நேசபாய் மாமி காரிலிருந்து இறங்க மறுக்கவில்லை.
அதுவே எனக்கு வெப்ராளமாக இருந்தது.
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தாள்.
"ஏழரை ஆயாச்சு. நைட் டூட்டி யாரு?"

முப்பத்துநாலு வருஷம் வார்டு சிஸ்டர்.
என் பெயர் போய்விட்டது, அப்பா இறந்தது போய்விட்டது,
கால்கள் மட்டும் கட்டில் வரிசையைக் கண்டதும்
தானாக நிமிர்ந்து நடக்கின்றன.

மேனேஜர் விஜிலா
"எங்கள் குடும்பத்தில் ஒருவராக" என்று தொடங்கினார்.
மாமி அதற்குள் மூன்றாவது கட்டிலில்
ஒருவரின் குதிகாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"செவந்திருக்கு பாரு. ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்கா
திருப்பிப் போடணும். வெள்ளம் குடிச்சியளா அண்ணா?"
அந்த மனிதர் குடித்தேன் என்றார்.
பிறகு இல்லை என்றார்.
பிறகு ஏனோ சிரித்தார்.

ஜன்னலோரக் கட்டிலின் கம்பியில்
ஒரு துணிக்கீற்று.
பழைய நைட்டியில் கிழித்தது,
துவைத்துத் துவைத்து நிறம் போனது,
முடிச்சோடு.

"எழும்பி விழுந்துரக் கூடாதுன்னு, ராத்திரி மட்டும்..."
விஜிலா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.
என் பதினோரு கேள்விகளில் இது இல்லை.

மாமி திட்டவில்லை.
நகத்தால் முடிச்சைப் பைய அவிழ்த்து,
இரண்டு விரலில் பேண்டேஜ் போலச் சுற்றி
ஹேண்ட்பேக்கில் வைத்தாள்.
தலைகுனிந்து நின்ற பிள்ளையின்
நாடியைப் பிடித்துத் தூக்கினாள்.
"நீ ஒறங்கி எத்தனை நாளாச்சு?"
"பதினெட்டுக் கட்டிலுக்கு நான் ஒருத்தி, சிஸ்டர்."
சிஸ்டர் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாதம் இருபத்தாறாயிரம், அட்வான்ஸ் மூன்று மாதம்.
மஸ்கட்டிலிருந்து தம்பி ஜெபசிங்
போட்டோ பார்த்தேன், நல்ல இடம்தானே என்று
வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான்.
படிவத்தில் ஒரு கட்டம்:
இவருக்குப் பிடித்தவை.
பேனாவை மூடிவிட்டேன்.

திரும்பும்போது வில்லுக்குறி வரை பேசவில்லை.
பிறகு, வைப்பரைப் பார்த்தபடி,
"அந்த ஆசுபத்திரியில ஆளு போராது மக்களே.
எனக்கொரு டூட்டி போடச் சொல்லு."

வெட்டூர்ணிமடத்தில் எங்கள் வீடு.
மாமியின் அறைக்கதவில்,
வெளிப்பக்கம், ஒரு தாழ்ப்பாள் உண்டு.
ஜனவரியில் ராத்திரி ஒருமணிக்கு
பார்வதிபுரம் பாலத்துக்கடியில் அவளைக் கண்டுபிடித்த
மறுநாள் நான் வாங்கிப் பூட்டியது.
நான்கு ஸ்க்ரூ. மூன்றுதான் இறுகியது.

அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள்.
ஒரு விரலால் தடவினாள்.
"இது எந்தப் பேஷண்டுக்கு?"

நான் பையிலிருந்து மாத்திரையைத் தேடுவதுபோல் தேடினேன்.

அவள் அந்தத் துணியை எடுத்து
தாழ்ப்பாளைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்,
ஒரு சுற்று மறு சுற்றைப் பாதி மூடும்படி,
காயத்துக்குக் கட்டுவதுபோல்.
"முடிச்சு மேல வரணும். உறுத்தப்பிடாது."

அது இனி நகராது.
திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்று
விஜிலா சொல்லியிருக்கிறார்.
இன்று சனி.