புது ஆள்

புதன்கிழமை, ஏழரை மணி.
லீ கடையில் அரிசி மூட்டை மேல் என் இடம்.
இதுதான் கடைசி சீசனாம்.

மந்திரக்காரி கைதட்டினால் இப்போதும்
தட்டுகள் தாமே கழுவிக்கொள்கின்றன.
கைதட்டலில்தான் வேகம் இல்லை.
புருஷன் வேடத்துக்கு வேறொருத்தன்:
அகலத் தாடை, கட்டைக் குரல்.
அதே கோட்டு. அதே நாற்காலி.
பக்கத்து வீட்டுக்காரி "பொன்ஜூர்" என்கிறாள்
ஒன்றுமே நடக்காததுபோல.
நாய்கூடக் குரைக்கவில்லை.
எங்கிருந்தோ வருமே, அந்தக் கூட்டச் சிரிப்பு,
அது மட்டும் ஒரு நொடி தயங்கியது.
எனக்குக் கேட்டது.

மூன்று வருஷம் கப்பலில் இருந்துவிட்டு
வைத்திலிங்கம் போர்ட் லூயிஸில் இறங்கினார்.
மாமியார் ஆரத்தி எடுத்தாள்.
அதே சட்டை.
தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார்,
கரும்பாலை வாசலில் பிறந்தவர்.
ரோஸ் ஹில்லில் ஒருவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பகுதிக்கு முந்தைய இரவு புயல்.
லீயின் கூரையோடு ஏரியலும் போயிற்று.
அவள் மந்திரத்தை விட்டாளா, அவனை விட்டாளா,
யாரிடம் போய்க் கேட்பது?

கரண்ட் இல்லாத வீடு.
ஈரச் சுவருக்கு அந்தப் பக்கம்
தட்டு கழுவும் சத்தம்.
முன்பிருந்தவர் கழுவியதே இல்லை.

நான் கைதட்டவில்லை.