வெறும் வண்டி எடை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் இடது பக்கம்
தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, நான்.
கிழங்கு லாரி மேடை ஏறினால் ஒரு எடை.
இறக்கிவிட்டு வந்தால் ஒரு எடை.
கழித்துச் சீட்டுக் கிழிக்க வேண்டும்.
பதினோரு வருஷமாய்க் கழித்தல்தான் பிழைப்பு.

காற்றெல்லாம் மாவு.
ஜவ்வரிசி காயும் களத்திலிருந்து
புருவத்தில் வந்து படியும்.
உதட்டை நக்கினாலே
அன்றைய இருபது கிராம் தீர்ந்துவிடுமோ என்று
முதல் வாரம் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டேன்.
சிரிக்க வேண்டாம்.
சர்க்கரை முன்னூற்றுப் பத்து என்று
லேப் சீட்டில் படித்தவளுக்கு
அப்போது சிரிப்பு வரவில்லை.

அஸ்தம்பட்டி டாக்டர்
மாத்திரையைப் பாதியாக்கினார்.
அரிசி வேண்டாம், கிழங்கு வேண்டவே வேண்டாம் என்றார்.
வெளி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன்:
கிழங்கு வேண்டாமென்றால்
கரண்ட் பில்லை எதில் கட்டுவது?

எதைத் தின்பது என்பது சீக்கிரம் பிடிபட்டது.
முட்டை, பன்னீர், தேங்காய், ஆட்டுக் கொழுப்பு.
எப்போது என்பதும்.
ராத்திரி எட்டுக்கு மூடினால்
மறுநாள் இரண்டுக்குத் திறப்பு.
எவ்வளவு என்பதில்தான்
ஆறு மாதமாய்க் கரண்டி ஆடுகிறது.

முந்தின ராத்திரி பயத்தில் தின்பேன்.
நாளைய பசிக்கு இன்றே முன்பணம்.
பசி வாங்கிக்கொள்ளும், ரசீது தராது.
காலை பதினொன்றுக்கு
ஒன்றுமே வாங்காதது போல
வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்.
கேட்டைத் திறக்காமல் இருந்தால்
கால் மணியில்
ரிவர்ஸ் எடுத்துப் போய்விடும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

திறக்கிற நேரம்தான் ஆபத்து.
இரண்டு முட்டை போதும் என்று உட்கார்வேன்.
ஐந்தாவதை உரிக்கும்போது விரல் கூசாது.
பிறகு பன்னீர்.
பிறகு பாட்டிலின் அடியில் வழித்த நெய்.
பதினெட்டு மணி நேரத்துக்கும்
வட்டி போட்டு வசூல்.
அன்று ஒவ்வொரு வண்டி ஏறும்போதும்
மேடை ஒரு முறை நடுங்கியது,
நான் ஒரு முறை.

மறுவாரம் நேரெதிர்.
சட்னிக் கிண்ணத்தில் சாப்பாடு.
பசியே இல்லை. பெருமையாக இருந்தது.
நாலாம் நாள்
பதினாறாயிரத்து நானூறில்
ஆறாயிரத்து எண்ணூறு போனால்
எவ்வளவு என்று தெரியாமல்
பேனாவோடு நின்றேன்.
டிரைவர் செங்கோடன் விரல் விட்டுச் சொன்னார்.
"சாப்ட்டியாக்கா?"
சாப்பிட்டேன் என்றேன்.
பொய்யில்லை.
எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

ஒரு ராத்திரி கடைசி வண்டியும் போன பின்
மேடை மேல் நானே ஏறி நின்றேன்.
ஜன்னலுக்குள்ளே சிவப்பு எழுத்து: எழுபது.
ஆரம்பித்த மாதமும் இதேபோல ஏறினேன்,
அன்றும் எழுபது.
நடுவில் ஏழு கிலோ போயிருக்கிறது,
வீட்டு மெஷின் சாட்சி.
லாரிக்குப் பழகிய இரும்பு.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் கிடையாது.

போன செவ்வாய்
செங்கோடன் ஒரு பட்டர் ஃப்ரூட் தந்தார்.
ஏற்காட்டில், நாகலூர்த் தோட்டத்தில்
மச்சான் வேலை செய்கிறானாம்.
அதையும் மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.

மணி இரண்டேகால்.
பாதியை ஸ்பூனால் வழித்து
உப்பு, மிளகுத் தூள். கூட ஒரு முட்டை.
அதோடு நிறுத்திவிட்டு
கை கழுவாமல் உட்கார்ந்தேன்.
ஒரு வண்டி வந்தது. எடை போட்டேன்.
இன்னொன்று.
வயிறு எதுவும் சொல்லவில்லை.
மூன்றாவது வண்டி இறக்கிவிட்டு
வெறுமையாய்க் கடகடத்துத் திரும்பும்போது
மெதுவாகச் சொன்னது:
இன்னும் கொஞ்சம்.

கொஞ்சம் என்றால்?

மேசையில் மீதிப் பாதி
கொட்டையோடு, ஓரம் கறுத்து.
கறுத்ததைச் சீவாமல் தின்றேன்.
சீட்டில் எழுதவில்லை.